தாகத்தை எடுத்துக்கொண்டு போனவர்

எங்கள் ஊர் நெடுவூரணியில் ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு முப்பதாயிரம் பேருக்கும் ஒரே சமயத்தில் தாகம் நின்றுபோனது, அது திரும்பி வர ஒன்பது மாதம் ஆயிற்று. போனபோது பட்டாசு வெடித்து லட்டு கொடுத்தோம், வந்தபோது பிணங்களை அடுக்கினோம். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வந்ததைப் பற்றித்தான் எழுதினார்கள், போனதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆகவே, மூன்று மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் கூட்டத்தில் நின்றவளும், அதே பிள்ளையோடு இரண்டாவது கூட்டத்தில் நின்றவளும், பிற்பாடு விசாரணையில் சாட்சி சொன்னவளுமான ரஹ்மத்து என்கிற நான் இதைச் சொல்கிறேன்.

நெடுவூரணி என்பது பேர்தான். ஊரணி காய்ந்து எத்தனையோ வருஷம் ஆகி, அதில் முளைத்த கருவேலத்தை வெட்டிவிட்டு, பொதுக்கூட்டம், பொருட்காட்சி, ராட்டினம் எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்துக்குள்தான் நடத்திக்கொண்டிருந்தோம். குழாயில் பதினோரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், அதுவும் முக்கால் மணி நேரம். மற்ற நாட்களில் சாத்தையா அண்ணன் ஓட்டி வரும் நகராட்சித் தண்ணி லாரிதான் கதி. லாரியின் ஹாரன் கேட்டால் தொழுகையில் இருப்பவர்கள் மனசும் குடத்துக்குப் போய்விடும், கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரமாக இருந்தாலும் பெண்கள் எழுந்து ஓடிவிடுவார்கள், இரண்டு பேர் வரிசைச் சண்டையில் குடத்தால் அடித்துக்கொண்டு செத்தும் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்.

சாத்தையா அண்ணனின் மனைவி மங்களேஸ்வரி டீச்சர். எனக்கு அடுத்த வீடு. பம்பாயில் தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்தவரின் மகள், அதனால் இந்தி தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, தனியார் பள்ளிக்கூடத்தில் இந்தி சொல்லிக்கொடுத்தார். சின்ன உடம்பு, சின்னக் குரல். ஆனால் அவர் பேசினால் எதிரே இருப்பவர் தன் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார், ஏன் நிறுத்தினோம் என்று அவருக்கே தெரியாது. என்னைக் கட்டிய மச்சான் சவுதியில் இருந்ததால் பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும், அஸ்லம் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியதும் டீச்சர்தான்.

அந்தப் பங்குனியில் தேர்தல் கூட்டத்துக்கு தில்லியிலிருந்து நிரஞ்சன்தேவ் வருவதாக இருந்தது. நாட்டிலேயே அவரைப் போலப் பேச ஆள் கிடையாது என்றார்கள். அவர் பேசினால் கைக்குழந்தை அழாது என்றார்கள், எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பான் என்றார்கள், பனி பெய்யும் ஊரில் நின்று அவர் வெயிலைப் பற்றிப் பேசியபோது சனங்கள் சால்வையைக் கழற்றிப் போட்டார்கள் என்றார்கள். கட்சியில் வழக்கமாக மொழிபெயர்க்கும் வக்கீலுக்கு அன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. நகரச் செயலாளர் கோட்டைச்சாமி வியர்த்துக் கொட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நீங்க கட்சிக்காரவங்க இல்லைன்னு தெரியும். ஊர் மானம்னு நெனைச்சு வாங்க."

டீச்சர் சேலையை மாற்றிக்கொண்டு போனார்.

ஹெலிகாப்டர் இறங்கிய இடத்திலிருந்து மேடைக்கு வரும் காரில் நிரஞ்சன்தேவ் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்த ஊர்க்காரர்களுக்கு எது இல்லை?" என்று கேட்டாராம். தண்ணீர் இல்லை என்றார் டீச்சர். "இல்லாததைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். அவர்களுக்கு உடம்பில் எங்கே வலிக்கிறது, அதைச் சொல்லுங்கள்." டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தாகம் என்றார். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, வாய்க்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். இதெல்லாம் டீச்சர் பின்னால் என்னிடம் சொன்னது.

நான் ஊரணிக் கரைமேல் நின்றேன். உள்ளே தலை தலையாக, எள் போட இடமில்லை. தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டியிருந்ததால் வீட்டில் கிடந்தவர்களுக்கும் கேட்டது. எல்லோரும் போல அவர் கத்தித் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். நின்றார், நின்றார், கூட்டத்தின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் கொடிகள் படபடப்பது மட்டும் கேட்கும்போது, நம் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி, அத்தனை தணிந்த குரலில், "தாகம்" என்றார். அந்த ஒரு சொல்தான் தமிழ். அதன் பிறகு இந்தியில் அவர் ஒரு வாக்கியம் சொல்வார், டீச்சர் ஒரு வாக்கியம் சொல்வார். அவர் வலது கையை மேலே தூக்கி அப்படியே நிறுத்துவார், நாங்கள் மூச்சை நிறுத்துவோம், கையை இறக்குவார், நாங்கள் மூச்சு விடுவோம். குடத்தின் வாய் இடுப்பில் பதித்த தழும்பைப் பற்றிச் சொன்னார், பெண்கள் அவரவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். விருந்தாளி தண்ணீர் கேட்டுவிடுவாரோ என்று பயப்படும் வீட்டைப் பற்றிச் சொன்னார், ஆண்கள் தலையைக் குனிந்தார்கள். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. முடிக்கும்போது அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். டீச்சரின் குரல் அந்தப் பள்ளம் முழுக்கக் கேட்டது.

"உங்கள் தாகத்தை நான் என்னோடு எடுத்துக்கொண்டு போகிறேன்."

கை இறங்கியது. வெயிலில் நான்கு மணி நேரம் நின்று எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணமே அது விட்டது. யாரோ உள்ளே ஒரு குழாயை மூடியதைப் போல இருந்தது. பக்கத்தில் ஒருத்தர் வாய்க்குக் கொண்டு போன சொம்பை அப்படியே கீழே வைத்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார், எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் சாத்தையா அண்ணன் ஹாரன் அடித்தபோது ஒரு குடம்கூட வரவில்லை. அண்ணன் இறங்கி லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தார், அவரும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டவர்தான். "இனிமே என்னை யாரும் ஏச மாட்டாங்க ரஹ்மத்து" என்றார். வரிசைச் சண்டையில் பேச்சை விட்டிருந்த குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டன. பெண்களுக்கு அவ்வளவு நேரம் மிஞ்சியது, அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றோம். பித்தளைக் குடங்களையெல்லாம் பழைய பாத்திரக்காரன் அள்ளிக்கொண்டு போனான். டீக்கடைகளில் பிஸ்கட்டும் வறுகடலையும் மட்டும் விற்றன. ஊரே நோன்பு வைத்துவிட்டதாம், திறக்கத்தான் மறந்துவிட்டதாம் என்று பள்ளிவாசலில் கேலி பேசிக்கொண்டார்கள். கட்சி ஜெயித்தது. வைகாசியில் தாகமற்ற முதல் நகராட்சி என்று விருது கொடுத்தார்கள், கோட்டைச்சாமி அதைக் கண்ணாடி போட்டு நகராட்சி வாசலில் மாட்டினார். கேட்க ஆள் இல்லாத தண்ணீர் எதற்கு என்று லாரியை நிறுத்தினார்கள், பிறகு குழாயையும் அடைத்து, வந்துகொண்டிருந்த தண்ணீரைப் புறவழிச்சாலையில் பாட்டில் நிரப்பும் ஒரு கம்பெனிக்குத் திருப்பிவிட்டார்கள். சோறு பொங்க ஆற்றோரத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சைக்கிளில் கொண்டு வந்து விற்பவனிடம் ஒரு வாளி வாங்கினால் போதும் என்று நாங்கள் அதற்கும் கைதட்டினோம்.

தாகம் இருந்தவர்கள் சிலர் மட்டும்தான். காது கேளாத தையல்காரர் ஒருவர், பேச்சு புரியாத ஆடுமாடுகள், கைக்குழந்தைகள். அன்றைக்கு வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுக் குடித்தார்கள். தண்ணீர் குடிப்பது அசிங்கமான காரியமாக ஆனது, தலைவருக்கு நம்பிக்கைத் துரோகம் செய்வது மாதிரி. தையல்காரர் கடை வாசலில் குடித்ததைப் பார்த்துவிட்டு அவருடைய பானையை உடைத்தார்கள்.

அப்புறம் டீச்சர். அவர் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன், முன்னைப் போலவே இரண்டு டம்ளர். "நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்ல, கேக்கல போலிருக்கு" என்று சிரிக்காமல் சொன்னார்.

ஆனி மாதம் அஸ்லம் ஓயாமல் அழுதான். எனக்குப் பால் வற்றிவிட்டது. தாகம் இல்லையே தவிர, உடம்பு உள்ளுக்குள் உலர்ந்துகொண்டிருந்தது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, தோன்றுவதற்குத்தானே தாகம். வியர்ப்பது நின்றது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. டீச்சர் மணிக்கு ஒரு முறை வந்து, மருந்து கொடுக்கிற மாதிரி டம்ளரை என் வாயில் வைத்தார். கழுத்துவரை சாப்பிட்டவளுக்கு இன்னொரு படி சோறு ஊட்டினால் எப்படி இருக்கும், அப்படிப் புரட்டிக்கொண்டு வரும். பாதி வாந்தியாகப் போகும், மீதி நிற்கும்.

"குடி ரஹ்மத்து. உனக்காக வேணாம், பிள்ளைக்காக."

"தாகமே இல்லக்கா."

"தாகம் இல்லேன்னா என்ன, தண்ணி வேணும்ல."

அந்தப் பாதி டம்ளர்களில்தான் அஸ்லம் பிழைத்துக் கிடந்தான். மற்றபடி சோற்றிலும் குழம்பிலும் இருந்த ஈரம்தான் ஊரை ஓட்டியது, அதுவும் எல்லோருக்கும் போதவில்லை. முதலில் ஹோட்டல் சரக்கு மாஸ்டர் அங்குச்சாமி அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே செத்தார். பிறகு வாரத்துக்கு நாலு பேர், ஆடி முடியும்போது நாளுக்கு இரண்டு பேர். அழ உட்கார்ந்த பெண்களுக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை, சத்தம் மட்டும் போட்டுவிட்டு எழுந்து போனோம். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா ஒவ்வொருவர் கையிலும் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார், கிட்னி போகிறது, இந்த ஊருக்கு உடனே தண்ணீர் கொடுங்கள் என்று மேலே எழுதினார். விருது வாங்கிய ஊரைப் பற்றித் தவறாக எழுதியதற்கு விளக்கம் கேட்டு அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நாங்களும் அந்த அம்மாவை நம்பவில்லை. வெயில் ஜாஸ்தி என்றோம், வயசாச்சு என்றோம், இருபத்தியாறு வயசுப் பிள்ளை செத்தபோது கண் பட்டுவிட்டது என்றோம். மார்கழிக்குள் முந்நூற்றுச் சொச்சம் பேர். கபரஸ்தானிலும் இடுகாட்டிலும் ஆள் முறை வைத்துத் தோண்டினார்கள்.

சாத்தையா அண்ணன் பாதி ஆளாகிவிட்டார். ஓடாத லாரியைத் தினம் துடைப்பார். டீச்சர் அவரையும் குடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார், அவர் வாயில் வைத்துக்கொண்டு, டீச்சர் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவார்.

இடைத்தேர்தல் வந்தது. நிரஞ்சன்தேவ் மறுபடியும் வருகிறார் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வக்கீல் ஐப்பசியிலேயே இறந்துவிட்டதால் டீச்சர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று கோட்டைச்சாமி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் டீச்சர் என் வீட்டுக்கு வந்து, அஸ்லமை மடியில் போட்டுக்கொண்டார்.

"ரஹ்மத்து, அவரு அப்படிச் சொல்லவே இல்ல."

"எதைக்கா?"

"தாகத்தை எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்லல. உங்கள் தாகம் எனக்கு நினைவிருக்கும்னுதான் இந்தியில சொன்னாரு. எல்லா ஊர்லயும் கடைசில சொல்ற வரிதான். நான்தான் மாத்துனேன்."

"ஏன்க்கா?"

"முப்பதாயிரம் பேரு வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அவரு கை மேல நிக்குது. நினைவிருக்கும்னு சொன்னா சப்புனு போயிரும்னு தோணுச்சு. கேக்க நல்லா இருக்கணும்னு அப்படிச் சொன்னேன். அவ்வளவுதான். என் வாழ்நாள்ல என் பேச்சை அத்தனை பேரு கேட்டதில்ல ரஹ்மத்து." அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் உலர்ந்த உதட்டைத் தடவிக்கொண்டே பேசினார். "எடுத்தது மேடைலதான். கொடுக்கிறதும் மேடைலதான் முடியும். அவரு கையும் வேணும், என் வாயும் வேணும்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. இல்லாத ஒன்றை எதற்குத் திருப்பித் தர வேண்டும், நல்லாத்தானே இருக்கிறோம் என்று சொன்னேன். நல்லாத்தானே இருக்கிறோம் என்று நான் சொன்ன அன்றைக்கு எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பந்தல் போட்டிருந்தது.

டீச்சர் வீடு வீடாகப் போய், கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று சொன்னார். தண்ணீருக்கு எங்கே போவது, குடம்தான் ஏது? பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். சாத்தையா அண்ணனுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மனைவி கேட்டுக்கொண்டார் என்பதற்காக, பழைய டிரைவர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் நின்ற நகராட்சி லாரிகள் மூன்றையும் தள்ளி ஸ்டார்ட் செய்து, ஆற்றோரத்துக் கிணறுகள்வரை போய், மூன்று லாரித் தண்ணீரைக் கொண்டு வந்து ஊரணிக் கரையில் நிறுத்தினார். "யாரைக் குளிப்பாட்டப் போறே சாத்தையா?" என்று கேட்டுக் கூட்டம் சிரித்தது. மூன்று லாரி எத்தனை பேருக்குக் காணும் என்று டீச்சருக்குத் தெரியும். இன்னும் பத்து நடை அடிக்கச் சொன்னார், டீசல் இல்லை.

அன்றும் காரில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரஞ்சன்தேவ் கேட்டாராம், "இந்த ஊர்க்காரர்களுக்கு எது இல்லை?" டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு ஊரும் நினைவில்லை, டீச்சரும் நினைவில்லை. டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார், செத்தவர்கள் கணக்கைச் சொன்னார், தாகத்தைத் திருப்பித் தருகிறேன் என்ற ஒரு வரியை மேடையில் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பொறுமையாக, முகத்தில் அக்கறையோடு, முழுவதும் கேட்டார். பிறகு, "உங்களுக்குத் தாகம் எடுக்கட்டும் என்று ஒரு கூட்டத்தைப் பார்த்து நான் எப்படியம்மா சொல்வேன்?" என்றார். "சொன்னால் எனக்கு யார் ஓட்டுப் போடுவார்?" அதில் நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார் என்றார் டீச்சர்.

நான் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றேன். கூட்டம் பள்ளத்துக்குள் ஈர்க்குச்சி மாதிரி நின்றது, கை தட்டினால் சருகு உரசுகிற சத்தம் வந்தது. அவர் அதே மாதிரி பேசாமல் நின்றார், அதே மாதிரி தணிந்த குரலில் தொடங்கினார், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அன்றைக்குப் போன தடவையைவிட நன்றாகப் பேசினார். நெடுவூரணியைப் பாருங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்றார். நீங்கள் கேட்காத மக்கள், கேட்கத் தேவையில்லாத மக்கள் என்றார். எனக்குப் பெருமையில் மயிர்க்கூச்செறிந்தது, உடம்பில் மிச்சம் இருந்த ஈரமெல்லாம் கண்ணுக்கு வரப் பார்த்தது, வரவில்லை. டீச்சர் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் ஏதோ இந்தியில் சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கி நிறுத்தினார். நாங்கள் மூச்சை நிறுத்தினோம். டீச்சர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, மேடைத் தமிழில் இல்லாமல், என் வாயில் டம்ளரை வைத்துப் பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"நான் எடுத்துக்கிட்டுப் போன உங்க தாகத்தைத் திருப்பிக் கொண்டாந்திருக்கேன். வாங்கிக்கங்க."

தமிழ் தெரியாத அவர், கைதட்டல் வரும் என்று நினைத்துக் கையை இறக்கினார்.

ஒன்பது மாதத் தாகமும் ஒன்றாக வந்தது. நாக்கு முதலில் மரக்கட்டையானது, பிறகு தொண்டைக்குள் யாரோ மணலைக் கொட்டினார்கள், பிறகு வயிறு, பிறகு விரல் நுனிகூடத் தண்ணீர் கேட்டது. முப்பதாயிரம் நாக்குகள் மேலண்ணத்திலிருந்து பிய்ந்த சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. முன்வரிசைக்காரர்கள் மேடைமேல் இருந்த தண்ணீர் பாட்டில்களுக்காக மேடையில் ஏறினார்கள், காவலர்கள் அவரைத் தூக்காத குறையாக ஹெலிகாப்டருக்குக் கொண்டு போனார்கள். பிறகு யாரோ, "லாரி!" என்று கத்தினார்கள். பள்ளத்துக்குள் இருந்த அத்தனை பேரும் கரையைப் பார்த்து ஏறினார்கள்.

நான் கரையில் நின்றதால் எனக்குத் தூரம் குறைவு. அஸ்லமைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சாத்தையா அண்ணன் மூன்று லாரியின் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் அந்தத் தாகம் வந்துதானே இருக்கும், ஆனால் குனிந்து ஒரு கை அள்ளவில்லை, "பிள்ளைக்காரிய விடுங்கப்பா, பிள்ளைக்காரிய விடுங்க" என்று கத்தினார். என்னைத்தான் சொன்னார். நான் குழாயடியில் வாயை வைத்துக் குடித்தேன். யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள், நான் கடித்தேன், மறுபடியும் குடித்தேன். என் காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. இவ்வளவு சொன்னவள் அதையும் சொல்லியாக வேண்டும், எனக்குத் தெரிந்தேதான் நான் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று லாரியும் கால் மணி நேரத்தில் காலி. இருபத்திமூன்று பேர் இறந்திருந்தார்கள். மிதிபட்டவர்கள் பாதி, வெறும் வயிற்றில் குடம் குடமாகக் குடித்து நெஞ்சு அடைத்தவர்கள் மீதி. சாத்தையா அண்ணன் லாரிச் சக்கரத்துக்கும் சனத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தார். ஒரு கை குழாயைப் பிடித்தபடி இருந்தது, முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது, ஆனால் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. டீச்சர் மேடையிலிருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையை ஈரமண்ணில் நனைத்து அந்த உதட்டில் பிழிந்தார். பிழிந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் ஊர் திரண்டு போய் நகராட்சி அலுவலகத்தைச் சூழ்ந்துகொண்டது. விருதை உடைத்தார்கள், கம்பெனிக்குப் போன குழாயைக் கடப்பாரையால் பிளந்தார்கள். மூன்றே நாளில் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அதன் பிறகு நெடுவூரணியில் காய்ந்து யாரும் சாகவில்லை. தில்லியில் நிரஞ்சன்தேவ் இரங்கல் சொன்னார். "என்னைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் முண்டியடித்து உயிரை விட்ட அந்த எளிய மக்களின் அன்பை என்றைக்கும் மறக்க மாட்டேன்" என்று அவர் தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்டு, நாங்களே ஒரு கணம் அப்படித்தான் நடந்ததோ என்று நினைத்தோம்.

இருபத்திமூன்று பேர் சாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பைத் திரித்துக் கலவரத்தைத் தூண்டியதாக டீச்சர்மேல் வழக்குப் போட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் விசாரணை அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், நாங்கள் சாட்சிகள் ஓரமாக நின்றோம்.

"தலைவர் சொல்லாததை நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன் ஐயா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை. பங்குனியில ஒண்ணு, மார்கழியில ஒண்ணு."

"பங்குனியில என்ன ஆச்சு?"

"முந்நூறு பேருக்கு மேல செத்தாங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பங்குனிக்குப் பிறகு செத்தவர்கள் பற்றி ஒரு புகாரும் வரவில்லை, அது இந்த விசாரணைக்குள் வராது என்றார். மார்கழியை மட்டும் எழுதிக்கொண்டார்.

நாற்பத்தியொரு பேர் சாட்சி சொன்னோம். கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்து கேட்டார், மச்சான் சவுதியிலிருந்து போன் போட்டு ஊரோடு ஒத்துப் போ என்றார், இதெல்லாம் காரணம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். என் காலுக்குக் கீழே கிடந்தவருக்கு வேறு யாராவது பொறுப்பேற்றால் எனக்கு ராத்தூக்கம் வரும் என்று நினைத்தேன். அதுதான் நிஜம். டீச்சர் சொன்னதால்தான் ஓடினேன் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சரை வேனில் ஏற்றுவதற்காக வெளியே கூட்டி வந்தபோது அஸ்லமை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். டீச்சர் என் முன்னால் நின்றார். பெண் போலீஸ் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா" என்றேன்.

"பாத்தேன்."

அவர் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் உடனே பழையபடி ஆனது.

"பால் இருக்கா உனக்கு?"

"இருக்குக்கா."

"குடிக்கிறானா?"

"குடிக்கிறான்."

"சரி" என்றார் டீச்சர். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனின் படியில் ஏறினார். உள்ளே உட்கார்ந்தவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை, எதிரே இருந்த போலீஸ்காரியிடம், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. கதவைச் சாத்தினார்கள்.